இல்லாத லிஃப்டின் சுமை

அந்தச் செய்திக்கு முன்னால் கட்டடத்தின் பெயர் இல்லை. வெறும் தொலைபேசி எண்தான் இருந்தது.

காமினி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். மற்றவை எல்லாம் வழக்கம்போலப் பெயரோடு வந்திருந்தன: ஜெலுத்தோங் இடது லிஃப்ட், ஆயர் ஈத்தாம் பின்பக்க லிஃப்ட், சுங்கை பினாங் மூன்றாம் புளோக். நடுவில் இது மட்டும் மொட்டையாக நின்றது. மலாய் மொழியில் சுருக்கி வரும் அந்த வரிகள், வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே அவள் தலைக்குள் தமிழாக விழப் பழகியிருந்தன.

அலாரம். மாடி 6. கதவு மூடியுள்ளது. சுமை 44.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. டத்தோ கிராமாட் சாலையில் பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்த லிஃப்ட் பராமரிப்பு அலுவலகம். கீழே டயர் கடை என்பதால் அறைக்குள் எப்போதும் ரப்பர் வாடை அடிக்கும். மழை வந்தால் நனைந்த பலகையின் வாடையும் அதோடு சேர்ந்துகொள்ளும். பினாங் தீவில் அவர்கள் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு லிஃப்டின் தலையிலும் சிம் கார்டு போட்ட சிறிய பெட்டி ஒன்று உண்டு. லிஃப்ட் நடுவில் நின்றாலோ, கதவு சிக்கினாலோ, உள்ளே யாராவது அலாரம் பொத்தானை அழுத்தினாலோ அந்தப் பெட்டி இந்த அறைக்கு ஒரு செய்தி அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள ஜன்னலோரத்தில் ஒரு மோடம், அதிலிருந்து பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். கம்ப்யூட்டரில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. வந்த செய்தியைப் படிக்க ஒரு கட்டளை, அனுப்ப ஒரு கட்டளை. எண்ணையும் சொல்லையும் தட்டி என்டரை அழுத்தினால் மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டும். கொஞ்ச நேரத்தில் எங்கோ இருக்கும் லிஃப்ட் பதில் சொல்லும். 'நிலை' என்று கேட்டால் எந்த மாடியில் நிற்கிறது, உள்ளே எத்தனை கிலோ சுமை என்று சொல்லும். 'திற' என்றால் கதவைத் திறக்கும்.

அவள் அந்த எண்ணுக்கு 'நிலை' என்று அனுப்பினாள்.

மாடி 6. கதவு மூடியுள்ளது. சுமை 44.

யாரோ உள்ளே மாட்டியிருக்கிறார்கள். ஒல்லியான ஆள். அல்லது பள்ளிப் பிள்ளை. அவள் உடனே ஜாஹிரைக் கூப்பிட்டாள். கம்பெனியில் வெகுகாலமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர்.

"ஜாஹிர் அண்ணே, ஒரு லிஃப்ட்ல ஆள் மாட்டியிருக்கு. எந்த பில்டிங்னு தெரியல, நம்பர் மட்டும்தான் வருது."

"சொல்லுங்க தங்கச்சி."

அவள் எண்ணை வாசித்தாள். மறுமுனையில் மழைக்குள் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அவர் எங்கோ ஒதுங்கி நின்றிருக்க வேண்டும்.

"இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தாள்.

"டெலீட் பண்ணிடுங்க. அந்த லிஃப்ட் இல்ல லா."

"இல்லன்னா?"

"கழட்டி இரும்புக்கடைக்குப் போயிருச்சு. சிம் பெட்டிய நான்தான் கழட்டினேன். என் கையால."

முதலாளி சிவநேசன் சாயங்காலம் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் கோயில் விபூதி. கோயில் கமிட்டியில் பெரிய ஆள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் அவர் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒவ்வொரு வருஷமும் நல்ல பெயர். காமினி திரையைக் காட்டியதும் எண்ணை ஒரு கணம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பழைய சிம். லைன் கம்பெனிக்காரன் வேற யாருக்காவது குடுத்திருப்பான். பிளாக் பண்ணிடும்மா."

"பொஸ், சுமை காட்டுது. மாடி காட்டுது."

"காமினி, நீ வந்து எவ்ளோ நாளாச்சு?" அவர் சிரித்தார். "உனக்கு முன்ன ரொஸ்னான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுவும் இப்படித்தான், வேண்டாததெல்லாம் படிச்சிக்கிட்டே இருக்கும்."

அவர் போன பிறகு அவள் அந்த எண்ணைத் தடை செய்தாள். கட்டளையைத் திரை ஏற்றுக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு விளக்கை அணைக்கும்போது, இருட்டில் பச்சை விளக்கு சிமிட்டியது.

அலாரம். மாடி 6. கதவு மூடியுள்ளது. சுமை 43.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது கறுப்புத் திரை முழுக்க அந்த ஒரே வரிதான், மேலிருந்து கீழ்வரை. இரவெல்லாம் வந்திருந்தது. முதலில் அடுத்தடுத்து, மூச்சு விடாமல். பிறகு இடைவெளி விட்டு. விடியற்காலையில் வெகுநேரத்துக்கு ஒன்று. கை ஓய்ந்து போனவர் பொத்தானை அழுத்துவது போல. கடைசி வரியில் சுமை 41 என்று இருந்தது.

இயந்திரத்துக்கு எடை குறையாது. அவள் மறுபடியும் ஜாஹிரைக் கூப்பிட்டாள்.

ஜாஹிர் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே படித்தார். வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்துவிட்டுக் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"சந்திரிகான்னு ஒரு அம்மா," என்றார். "ஓட்டல்ல துணி வெளுக்கிற வேலை. பிளாட்ல தனியா இருந்தாங்க. தீபாவளிக்கு மொத நாளு, தாசேக் கெலுகோர்ல இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகப் பையைத் தூக்கிட்டு எறங்கினாங்க. ஆறாவது மாடிக்குக் கீழ லிஃப்ட் நின்னுருச்சு."

"மணி அடிக்கலையா?"

"பிள்ளைங்க வெளையாடுதுன்னு மணிய எப்பவோ கழட்டி வெச்சுட்டாங்க. பக்கத்து லிஃப்ட் நல்லா ஓடிச்சு, அதனால யாரும் கேக்கல. பாதிப் பேரு ஊருக்குப் போயிட்டாங்க. தம்பி, அக்கா வேற எங்கயோ போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு." அவர் மோடத்தைக் காட்டினார். "இங்க மட்டும்தான் தெரிஞ்சுச்சு. இதுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு தங்கச்சி. நாள் கணக்கா. லீவுல மெசேஜ் எல்லாம் பொஸ் போனுக்குப் போகணும். தூக்கம் கெடுதுன்னு அவர்தான் அதை நிறுத்தச் சொன்னாரு. ரொஸ்னா லீவு முடிஞ்சு வந்து படிச்சுட்டுக் கத்துன கத்து கீழ டயர் கடை வரைக்கும் கேட்டுச்சாம்."

காமினி அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள். அவரே சொன்னார்.

"பொம்பா தீயணைப்புக்காரங்களோட நான்தான் போய்த் தொறந்தேன். உள்ள அவ்ளோ சூடு. அந்த அம்மா ஒக்காந்திருந்தாங்க. கை பொத்தான் மேலயே இருந்துச்சு. விசாரணையில பொஸ், பெட்டி கெட்டுப்போயிருந்துச்சு, மெசேஜே வரலன்னு சொல்லிட்டாரு. எல்லாத்தையும் அழிச்சாச்சு. ரொஸ்னா அன்னிக்கே நின்னுருச்சு."

"நீங்க?"

"எனக்கு மூணு பிள்ளைங்க லா," என்றார் ஜாஹிர். அதற்கு மேல் அவர் அவளைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அவரே அந்த பிளாட்டுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. புது லிஃப்ட் இன்னும் போடாததால் ஒவ்வொரு மாடியிலும் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கீழ்மாடிப் பலகையின் பூட்டுக்கு அவரிடம் சாவி இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே திறந்தார். காமினிக்கு எல்லாம் கேட்டது: பூட்டு, துருப்பிடித்த கீல், பிறகு கிணற்றுக்குள் பேசுவதுபோல் அவர் குரலே மாறியது.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. கீழ மழைத்தண்ணி. மேல வெறும் இருட்டு. கயிறுகூட இல்ல."

காமினி 'நிலை' என்று அனுப்பினாள்.

மாடி 6. கதவு மூடியுள்ளது. சுமை 39.

"அண்ணே, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"தண்ணி சொட்டுற சத்தம்தான். யாராச்சும் இருக்கீங்களா?" அவர் மேலே பார்த்துக் கூப்பிட்டார். குரல் எழும்பிப் போய், வெகுதூரம் போய், திரும்பி வரவில்லை.

பச்சை விளக்கு சிமிட்டியது. அவள் கேட்காமலே பதில் வந்தது.

மாடி 5.

மாடி 4.

"அண்ணே."

"இருங்க. காத்து அடிக்குது. மேலேர்ந்து. உள்ள எப்படிக் காத்து?"

மாடி 3.

"அண்ணே, வெளிய வாங்க!"

மாடி 2.

"என்னமோ எறங்கி வருது," என்றார் ஜாஹிர், மிக மெதுவாக. "ஒண்ணும் தெரியல. ஆனா எறங்கி வருது. காது அடைக்குது. என் தலைக்கு நேரா... யா அல்லா."

மாடி 1. அலாரம்.

அலாரம்.

அலாரம்.

போனில் அவருடைய மூச்சு கேட்டது. பிறகு வேறொரு சத்தம். மெல்லிய, காய்ந்த சத்தம்; உள்ளங்கையால் இரும்பைத் தட்டினால் வரும் சத்தம். ஆளைக் கூப்பிடும் வேகம்கூட அதில் இல்லை. பழக்கத்தினால் மட்டும் தட்டுவது போல இருந்தது. ஜாஹிர் ஓடும் காலடி, பலகை மோதும் ஒலி, அப்புறம் சாலையின் இரைச்சல்.

காமினி திரைக்கு முன்னால் தனியாக இருந்தாள். மழை நின்றிருந்தது. வெயில் வந்து மேஜையில் விழுந்தது, பட்டப்பகல், கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அலாரம் வந்துகொண்டே இருந்தது. அவளுக்குப் பயத்தைவிடப் பெரிதாக ஒரு கசப்பு நெஞ்சில் ஏறியது. செத்த பிறகும் இந்தப் பெண் இதே அறையைத்தான் கூப்பிடுகிறாள். கூப்பிட வேறு இடம் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்த அறையில் இருப்பவர்களோ படிப்பார்கள், அழிப்பார்கள், நின்றுவிடுவார்கள், அல்லது பிள்ளைகளை நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். ஒருவர்கூட அந்த ஒரு சொல்லை அனுப்பவில்லை.

அவள் எண்ணைத் தட்டினாள். 'திற' என்று தட்டினாள். என்டரை அழுத்தினாள்.

பச்சை விளக்கு சிமிட்டவில்லை. எரிந்து அப்படியே நின்றது.

கதவு திறந்தது. சுமை 0.

அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று இல்லை, மறுநாளும் இல்லை. காமினி இரவில் நன்றாகத் தூங்கினாள். நல்லது செய்துவிட்டதாகக்கூட நினைத்தாள்.

வார நடுவில் ஜெலுத்தோங் லிஃப்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. இதற்குப் பெயர் இருந்தது. கதவு நெடுநேரம் திறந்திருப்பதாகச் சொன்னது. இரண்டாம் மாடி, சுமை 37. சாமான் ஏற்றுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். பிறகு மூன்றாம் மாடி, சுமை 37. நான்காம் மாடி. ஐந்தாம் மாடி. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, வெகுநேரம் திறந்தே நின்று, மூடி, மேலே போயிற்று. உச்சி மாடி வரை. பிறகு சுமை 0.

அன்றே சுங்கை பினாங். கீழிருந்து மேலே, ஒவ்வொரு மாடியாக. சுமை 36.

அடுத்து ஆயர் ஈத்தாம். சுமை 35.

ஜாஹிர் ஒவ்வொன்றுக்கும் போனார். லிஃப்ட் நன்றாக இருந்தது. ஆள் இல்லை. உள்ளே வெக்கையாக இருந்ததாக மட்டும் சொன்னார். "வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தி வெச்ச கெரேத்தாவுக்குள்ள ஏறுன மாதிரி."

காமினி சிவநேசனிடம் போய் நின்றாள். "பொஸ், அவங்க தேடுறாங்க. உங்களைத்தான் தேடுறாங்கன்னு நெனக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வீடு தரைவீடும்மா," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து நிம்மதி அடைந்தவர்போலச் சொன்னார். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது, அவருக்கு எல்லாம் தெரியும் என்று. தஞ்சோங் பூங்காவில் அவர் வீட்டுக்குப் படிகள்கூடக் கிடையாது. இந்த அலுவலகத்துக்கும் மரப்படிதான். லிஃப்ட் போகிற இடத்துக்கு மட்டும்தான் சந்திரிகாவால் போக முடியும். லிஃப்ட் போவது எல்லாம் சந்திரிகாவைப் போன்றவர்கள் இருக்கும் வீடுகளுக்கு.

காமினியும் பாயா தெருபோங்கில் ஒரு பிளாட்டின் ஒன்பதாவது மாடியில்தான் இருந்தாள்.

அவள் தன் கணவன் ஷர்வினுக்குப் போன் செய்தாள். பத்து காவான் தொழிற்சாலையில் அவனுக்குக் காலை ஷிப்ட். பாலம் தாண்டி வரும் தொழிற்சாலை பஸ் அந்தச் சாயங்கால நேரத்தில் அவனை இறக்கிவிட்டிருக்கும்.

"எங்க இருக்க?"

"கீழதான். பசார்ல மீன் வாங்கினேன். ஏன்?"

"இன்னிக்கு லிஃப்ட் வேணாம். படியில ஏறு."

"ஒன்பது மாடியா? பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன் காமினி." அவன் சிரித்தான். "உங்க கம்பெனி லிஃப்ட்தானே. இந்தா, கதவு தொறந்துதான் நிக்குது. காலியா இருக்கு."

"ஷர்வின், ஏறாதே."

"யப்பா, உள்ள என்னா சூடு..."

லைன் அறுந்தது.

திரையில் வந்தது.

பாயா தெருபோங். மாடி 1. கதவு மூடியது. சுமை 104.

அவன் எழுபது கிலோ. கழித்துப் பார்க்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

மாடி 4. மாடி 5. மாடி 6. நின்றது.

அலாரம்.

விரல்கள் விசைகளில் வழுக்கின. 'திற' என்பதைத் தப்பாகத் தட்டினாள். அழித்தாள். மறுபடியும் தட்டினாள். என்டர்.

கதவு திறந்தது. சுமை 70.

அவள் மூச்சை விட்டாள். இறங்கிவிட்டாள். அந்தப் பெண் இறங்கிவிட்டாள். அவன் மட்டும் இருக்கிறான். கதவு திறந்திருக்கிறது. இப்போது அவனும் இறங்குவான். சுமை பூஜ்யமாகும்.

அலாரம். மாடி 6. கதவு திறந்துள்ளது. சுமை 70.

அலாரம். கதவு திறந்துள்ளது. சுமை 69.

கதவு திறந்திருக்கிறதே. ஏன் அழுத்துகிறான்?

அலாரம். சுமை 67.

அவள் ஓடினாள். அப்போதுதான் கீழே வந்து நின்ற ஜாஹிரின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். சாயங்கால நெரிசலில் வண்டிகள் சாலை நெடுக நகராமல் நின்றன. ஜாஹிர் நடைபாதையில் ஏற்றி ஓட்டினார். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் பிளாட்டுக்குக் கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. அவள் படிகளில் ஏறினாள். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது.

ஆறாவது மாடியில் லிஃப்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரோரம் ஒட்டி நின்றிருந்தார்கள். அவர்களில் ரமணி அக்காவின் கையில் காலியான தண்ணீர் டம்ளர் இருந்தது.

"ஒரு அம்மாதான் வெளிய வந்தாங்க," என்றார் ரமணி அக்கா. கண் லிஃப்டை விட்டு நகரவில்லை. "ரொம்ப எளச்சுப் போய் இருந்தாங்க. தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். குடிச்சிட்டுப் படியில எறங்கிப் போயிட்டாங்க. உன் வீட்டுக்காரருக்கு என்னாச்சு காமினி? கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு."

லிஃப்டின் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வெக்கை வெளியே வந்து முகத்தில் அறைந்தது. அதில் அழுகிய மீனின் நாற்றம். கீழே கிடந்த பிளாஸ்டிக் பையில் மீன் கறுத்துக் கூழாகியிருந்தது. இப்போதுதான் வாங்கிய மீன்.

ஷர்வின் வாசலுக்கு நேராக நின்றான். தொழிற்சாலைச் சட்டை தோளிலிருந்து தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. காலையில் சவரம் செய்த முகத்தில் தாடி. உதடு வெடித்து, வெடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தது. கண்கள் அவளுக்கு நேராக இருந்தன. அவளைப் பார்க்கவில்லை.

"ஷர்வின். வா. கதவு தொறந்திருக்கு. வா!"

அவன் தலையைச் சாய்த்தான். வெகுதூரத்தில் ஏதோ கேட்டவன் போல. நம்பலாமா என்று யோசிப்பவன் போல. பிறகு வலது கையைத் தூக்கினான். உள்ளங்கையை விரித்தான். திறந்த வாசலில், வெறும் காற்றில் தட்டினான்.

இரும்பில் தட்டிய சத்தம் கேட்டது.